பதினொரு நாள் எழுதாத முட்டை

போன மாதம் உவே எனக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தான். உவே என்னோடு ஒரே பறவைப் பூங்காவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். இன்னும் அங்கேதான் இருக்கிறான். அங்கே இப்போது ஒவ்வொரு கூட்டுப் பெட்டிக்குள்ளும் நகமளவு கமரா பூட்டியிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ஒரு கிளி முட்டையிட்டால், ஒன்பது மணிக்குள் அது பூங்காவின் இணையப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பத்து மணிக்குள் ஊர் உலகமெல்லாம் வாழ்த்துச் சொல்லி முடிந்துவிடுகிறது. "சிவா, இந்தக் காலத்தில் உன்னால் ஒன்றையும் ஒளிக்க முடியாது" என்று கீழே எழுதி, பல்லைக் காட்டிச் சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்றும் போட்டிருந்தான்.

அவன் எதைச் சொல்கிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இனி உங்களுக்கும் தெரியட்டும். இங்கே ஜேர்மனியில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று செயலாளர் இரண்டு வருடமாக என்னைத் துரத்துகிறார். "அண்ணை, எல்லாரும் இஞ்ச வந்த கதையை எழுதிப்போட்டினம். நீங்கள் வேலை செய்த கதையை எழுதுங்கோ" என்றார். நியாயமான பேச்சு. வந்த கதை எல்லோருக்கும் ஒரே கதைதான். வேலைதான் ஆளுக்கு ஆள் வேறு.

என் வேலையை எங்கள் ஆட்கள் ஒரு வேலையாகவே எடுத்ததில்லை. ஹனோவரில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் நான் "கிளி அண்ணை"தான். ஒருமுறை பந்தியில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அண்ணை, கிளிக்குச் சாப்பாடு குடுக்கிறதுக்கும் சம்பளம் தாறாங்களோ?"

"ஓம் தம்பி. உமக்குச் சாப்பாடு தாறதுக்கு உம்மட மனுசிக்குத்தான் ஒருத்தரும் சம்பளம் குடுக்கேல்லை" என்றேன். அதற்குப் பிறகு அவர் வடையில் கவனமாகிவிட்டார்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் வந்தேன். ஹைம் என்று சொல்லும் அகதி முகாமில் இருந்தேன். உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பிறகு ஹனோவருக்குத் தெற்கே உள்ள அந்தச் சிறிய பூங்காவில் பாதை கூட்டும் வேலை கிடைத்தது. கூட்டுகிறவன் பழம் வெட்டுகிறவன் ஆனான். பழம் வெட்டுகிறவன் கூண்டு கழுவுகிறவன் ஆனான். நாற்பது வயதை எட்டிப் பிடிக்கும் நேரத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து பறவை பராமரிப்பாளருக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்புப் படித்தேன். முதல் தடவை சோதனையில் கோட்டை விட்டேன். இரண்டாம் தடவை இலத்தீன் பெயர்களைத் தேவாரம் போல ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். சோதித்தவர் கையை உயர்த்தி, "போதும், மூச்சு விடுங்கள்" என்றார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது என்னை லோரிக் கிளிகளின் வீட்டுக்குப் போட்டார்கள்.

லோரி என்பது மற்றக் கிளிகளைப் போலக் கொட்டை உடைத்துத் தின்னும் சாதி இல்லை. அதற்குப் பூந்தேன் வேண்டும். நாக்கு நுனியில் தூரிகை போல மயிர் இருக்கும். அதால் பூவைத் துடைத்துக் குடிக்கும். பூவுக்கு எங்கே போவது? விடிய ஆறு மணிக்கு நான்தான் பூ. மா போன்ற ஒரு தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, பேரிக்காயும் பப்பாசியும் மசித்துப் போட்டுக் கலக்க வேண்டும். சூடு கூடினால் சத்துப் போய்விடும், குறைந்தால் கட்டி பட்டுவிடும். மூன்று நான்கு மணித்தியாலத்தில் புளித்துவிடும் என்பதால், வெயில் காலத்தில் அதற்குள் எடுத்துக் கழுவி மறுபடி வைக்க வேண்டும். கீரை கூடாது. இரும்புச் சத்துக் கூடினால் லோரிக்கு ஈரல் பழுதாகிவிடும். பிள்ளைகளுக்குக் கீரை தீத்தப் படாத பாடு படும் என் மனைவி மனோகரி இதைக் கேட்டு, "குடுத்து வைச்ச கிளியள்" என்றாள்.

உள்ளே போவது தண்ணீர் என்றால் வெளியே வருவதும் தண்ணீர்தான். அதுவும் கீழே விழாது, நேராகச் சுவருக்குப் பீச்சும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் மரியாதைக்கு வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் நாளிலிருந்து மழைக் கோட்டு.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர் ஃப்ராவ் ஹோல்மன். உயரமான மனுசி, கொண்டைக்குள் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். காலை ஏழரைக்கு எல்லோரும் நாள்பதிவேட்டைச் சுற்றி நிற்க வேண்டும். முதல் நாள் நாங்கள் எழுதியதை அவர் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். வாசித்து முடியும் வரை காலை வணக்கம் கூடக் கிடையாது. "நன்றாகச் சாப்பிட்டது" என்று ஒருமுறை எழுதினேன். "நன்றாக என்றால் எத்தனை கிராம்?" என்று கேட்டார். இன்னொரு முறை, "சந்தோஷமாக இருக்கிறது" என்று எழுதினேன். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "உங்களிடம் சொன்னதா?" என்று கேட்டுவிட்டு ஒரு கோடு போட்டு வெட்டினார். சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நாங்களும் முணுமுணுத்திருக்கலாம். பத்து முட்டைகளில் எட்டு குஞ்சாகும் பூங்கா எது, இரண்டு குஞ்சாகும் பூங்கா எது என்பது அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது என்பார். எனக்கு அந்த மனுசியில் பயமும் இருந்தது, பெரிய மதிப்பும் இருந்தது.

எங்களிடம் இருந்த லோரிகளில் பதினேழாம், பதினெட்டாம் இலக்கக் கிளிகள் தனி. அவை சிவப்பு நீல லோரி. உடம்பு நல்ல செக்கச் சிவப்பு. நெஞ்சுக்குக் குறுக்கே கருநீலப் பட்டை. கண்ணிலிருந்து பிடரிக்கு இன்னொரு நீலக் கோடு. இந்தோனேசியாவின் வடக்கு முனையில், பிலிப்பைன்ஸுக்குப் போகும் வழியில் தலாவுத் என்று ஒரு சின்னத் தீவுக் கூட்டம் உண்டு. உலகத்தில் அங்கே மட்டும்தான் இந்தக் கிளி இப்போது காட்டில் இருக்கிறது. பக்கத்துத் தீவுகளிலும் ஒரு காலத்தில் இருந்ததாம். காட்டை வெட்டித் தென்னை வைத்தார்கள், கிளி போய்விட்டது. மிச்சத்தைப் பிடித்து விற்கிறார்கள். தென்னை வைப்பதில் இப்படியும் ஒரு பாவம் இருக்கிறதென்று அந்தக் கிளியைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன்.

பதினெட்டு பெண். ஒரு விமான நிலையத்தில், தண்ணீர்க் குழாய்த் துண்டுகளுக்குள் திணித்துக் கொண்டு வரப்பட்ட கிளிகளைச் சுங்கக்காரர் பிடித்தபோது உயிரோடிருந்தவற்றில் ஒன்று. அது மனிதரை நம்பாது. நான் வைத்த பெயர் ரீச்சர், ஏனென்றால் உள்ளே போனதும் தலையைச் சரித்து, வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்ப்பது போலப் பார்க்கும். பதினேழு ஆண். ஒல்லாந்துப் பூங்காவொன்றிலிருந்து சோடி சேர்க்க இரவலாக வந்தது. நாள் முழுக்கச் சாப்பிடுவதும் சிறகு கோதுவதும்தான் வேலை. அதனால் அது மாப்பிள்ளை.

கிளியைக் கையால் பிடிக்காமல் எடை பார்ப்பது ஒரு கலை. தராசின் மேல் ஒரு சிறிய தடியைப் பூட்டி, அருகில் பேரிக்காய்த் துண்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். மாப்பிள்ளை இரண்டாம் நாளே ஏறிவிட்டார். ரீச்சர் ஏற நான்கு மாதம் எடுத்தது. ஏறிய அன்று நான் பேரிக்காயைக் கீழே போட்டுவிட்டேன். அதற்கு ஒரு பார்வை கிடைத்தது.

மூன்று வருடம் ஒன்றாக இருந்தும் சோடி முட்டையிடவில்லை. ஒல்லாந்துக்காரர்களிடம் ஒரு இளம் பெண் கிளி தனியாக இருந்தது. மாப்பிள்ளையைத் திருப்பிக் கேட்டார்கள். அழிந்து போகிற இனம் என்பதால் ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்குப் போகவே அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போட்டு, பதில் வந்து, திரும்பப் போட்டு, மாதக் கணக்காகும். எல்லாம் சரிவரும் நேரத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. பூங்காவை மூடி, பறவைகளையெல்லாம் உள் அறைகளில் அடைத்தோம். ஒவ்வொரு வாசலிலும் மருந்துத் தண்ணீர் ஊற்றிய விரிப்பு. மிதித்து மிதித்து என் சப்பாத்து வெளுத்துவிட்டது.

பார்வையாளர் இல்லை, சத்தம் இல்லை. அந்த அமைதியில் ரீச்சருக்கு என்ன தோன்றியதோ, வைகாசியில் மாப்பிள்ளையோடு கூட்டுப் பெட்டிக்குள் போகத் தொடங்கியது. ரீச்சரின் எடை கூடியது. ஒரு காலை அது தேன் குடிக்க வெளியே வந்த நேரம் பார்த்து, பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டினேன். ஒரு வெள்ளை முட்டை இருந்தது. இரண்டு நாள் கழித்து இரண்டாவது.

விதிப்படி நான் அந்த நிமிடமே பதிவேட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடினேன், பென்சிலும் எடுத்தேன். எழுதியது இது: "17, 18: மாற்றம் இல்லை."

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஹைமுக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே இருந்தபோது மனோகரிக்கு மூன்றாம் மாதம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரவை லட்டுப் பிடித்து, நாற்பது அறைக்கும் கதவு தட்டிக் கொடுத்தேன். "ஆம்பிளைப் பிள்ளையாம்" என்று நானே சாத்திரமும் சொன்னேன். ஐந்தாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. லட்டுத் தின்ற நாற்பது அறைக்காரரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். அந்த வலி இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. மனோகரி என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் மகள் ஆரணி வயிற்றில் வந்தபோது, பனிக்காலக் கோட்டின் பொத்தான் பூட்ட முடியாமல் போகும் வரை ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல செய்தி எதுவும் வாசற்படி தாண்டாது. ஆரணிக்கு ஆஹெனில் பொறியியல் படிக்க இடம் கிடைத்ததே, அவள் பெட்டி கட்டிப் போன பிறகுதான் சொந்தக்காரருக்குத் தெரியும்.

முட்டைக் கதையை மனோகரிக்கு மட்டும் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாள் உடனே. "ஒரு மூண்டு கிழமை போகட்டும்."

"எழுதோணும் எண்டு சட்டமிருக்கு, மனோ."

"சட்டம் எழுதினவைக்கு நாவூறு, கண்ணூறு தெரியுமோ?"

எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது; பழியையும் அவள் தலையில் போட்டுவிட்டேன். காலமும் எனக்கு ஒத்து வந்தது. ஃப்ராவ் ஹோல்மன் இரண்டு கிழமை விடுமுறையில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக உவே. அவன் பதிவேட்டைக் கால்பந்து முடிவு பார்ப்பது போலத்தான் பார்ப்பான். மாப்பிள்ளையை அனுப்ப நாள் குறித்திருந்தது அதற்கடுத்த கிழமையில். ஃப்ராவ் ஹோல்மன் வந்ததும் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் "மாற்றம் இல்லை" என்று எழுதினேன். எடையை மட்டும் உள்ளபடி எழுதினேன். இலக்கத்தில் பொய் சொல்ல எனக்குக் கை வராது.

கால்பந்து உலகக் கிண்ணம் ஜேர்மனியில் தொடங்குகிற கிழமை அது. காருக்குக் கார் கொடி. ஃப்ராவ் ஹோல்மன் விடுமுறை முடிந்து வந்த முதல் காலை, வாசிக்கத் தொடங்கும் முன்னரே தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து சொன்னார்: "ஒல்லாந்துக்காரர் அடுத்த கிழமை வரமாட்டார்களாம். அவர்களின் ரசிகர்களால் நெடுஞ்சாலை அடைபட்டுவிடும் என்று பயம். வண்டி இப்போதே எல்லையைத் தாண்டிவிட்டது. பத்து மணிக்கு இங்கே நிற்கும். ஹெர் சிவா, பதினேழைப் பிடித்துப் பெட்டியில் விடுங்கள்."

வலையை எடுத்துத் தந்தார். வாங்கினேன். கால் நகரவில்லை. ஆண் பக்கத்தில் இல்லாவிட்டால் ரீச்சர் போன்ற பயந்த பறவை முட்டையை விட்டு எழும்பிவிடும். எழும்பினால் முட்டை குளிர்ந்துவிடும். இந்த நாட்டில் அந்த இனத்துக்கு அன்று எங்களிடம் இருந்த நம்பிக்கை அந்த இரண்டு முட்டைதான்.

"வலை கிழிந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பறவைக்குச் சுகமில்லையா?"

"சுகம்தான். முட்டை இருக்கிறது."

"எங்கே?"

"பெட்டிக்குள்ளே. இரண்டு."

உவே கோப்பிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான்.

"எப்போதிலிருந்து?"

"முதலாவது வந்து பதினொரு நாள்."

அவர் பதிவேட்டைப் பின்னுக்குப் புரட்டி, ஒவ்வொரு பக்கமாக, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தார். "பதினேழு, பதினெட்டு: மாற்றம் இல்லை." பக்கம் திருப்பினார். "பதினேழு, பதினெட்டு: மாற்றம் இல்லை." இப்படிப் பதினொரு தரம். ஊரில் வாத்தியார் கைநீட்டச் சொல்லிப் பிரம்பால் அடித்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. கடைசியில் எடைத் தாளில் விரலை வைத்தார். "எடை உண்மை சொல்லியிருக்கிறது. நீங்கள்தான் சொல்லவில்லை. ஏன்?"

என் ஜேர்மன் நல்ல நேரத்திலேயே நொண்டும். அன்று தவழ்ந்தது. எங்கள் ஆட்கள் நல்ல செய்தியை முந்திச் சொல்வதில்லை, சொன்னால் கண் பட்டுவிடும் என்றேன். விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. வேறு வழியில்லாமல் லட்டுக் கதையைச் சொன்னேன். நாற்பது கதவையும் சொன்னேன், ஐந்தாம் மாதத்தையும் சொன்னேன். இருபது வருடத்தில் மனோகரியைத் தவிர வேறு ஒருவருக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உவே ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

ஃப்ராவ் ஹோல்மன் பென்சிலைக் கொண்டைக்குள் செருகினார். "ஹெர் சிவா, உங்கள் பிள்ளைக்காக நான் மனதார வருந்துகிறேன்" என்றார். பிறகு அதே மூச்சில், "அப்மானுங் உங்களுக்கு நாளை வரும்" என்றார்.

அப்மானுங் என்றால் எழுத்தில் வரும் எச்சரிக்கை. ஒன்று வந்தால் கோப்பில் இருக்கும். இன்னொன்று வந்தால் வேலை போகும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. பிள்ளைக்கு வருந்துவது வேறு, பதிவேட்டில் பொய் எழுதியது வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்த மனுசியை எனக்கு அன்று இன்னும் பிடித்துப்போனது.

பத்து மணிக்கு வண்டி வந்தது. இறங்கியவர் ஆறடிக்கு மேல், செம்மஞ்சள் தொப்பி. விசயத்தைக் கேட்டதும் கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்து ஆட்டி, கூரை அதிர வாழ்த்துச் சொல்லி, "முட்டை அழகோ அழகு!" என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னொரு தரம் கத்தினார். எது நடக்கக்கூடாதென்று பதினொரு நாள் வாயை மூடியிருந்தேனோ, அதை அவர் அரை நிமிடத்தில் செய்து முடித்தார். ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் கோட்டையையே பிடித்த ஒல்லாந்தர், அன்று எங்கள் கோப்பியைக் குடித்துவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்து மனோகரியிடம் சொன்னேன்.

"அந்த ஒல்லாந்துக்காரன் என்ன சொன்னவன்?"

"நல்ல வடிவான முட்டை எண்டவன். கையும் குடுத்தவன்."

"ஐயோ!" செத்தல் மிளகாயும் உப்பும் எடுக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

"இஞ்சேர், கிளிக்கு என்னெண்டு இஞ்சயிருந்து கழிக்கிறது?"

"கிளிக்கில்லை, உங்களுக்கு. நீங்கள்தானே அதுக்குப் பொறுப்பு. அசையாமல் நில்லுங்கோ."

மூன்று தரம் என்னைச் சுற்றிச் சட்டிக்குள் போட்டாள். எங்கள் ஊரில் மிளகாய் கமறாவிட்டால்தான் நாவூறு இருக்கிறதென்று அர்த்தம். இங்கே அது கமறின கமறலில் புகை அலாரமே அடித்தது. கீழ் வீட்டுக்காரி ஓடிவந்து கதவு தட்டினாள். மனோகரி இருமி இருமிச் சிரித்தாள். "பாருங்கோ, அலாரம் அடிக்குது. ஒரு நாவூறும் இல்லை."

அடுத்த நாள் அப்மானுங் வந்தது. அதை என் கையில் தந்துவிட்டு ஃப்ராவ் ஹோல்மன் அறை விளக்கை அணைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சின்ன விளக்கின் முன் பிடித்தார். ஒன்று வெறுமை. மற்றதில் சிவப்பு நரம்பு ஓடியது; நடுவில் ஒரு புள்ளி துடித்தது. "பொரிக்கும் இயந்திரத்தில் வைப்பதா, தாயிடமே விடுவதா?" என்று என்னைக் கேட்டார். முதல் நாள்தான் என்னைப் பொய்யன் என்று பதினொரு தரம் வாசித்தவர் கேட்கிறார்!

"பதினொரு நாளும் ரீச்சர் ஒழுங்காக அடைகாத்தது. விடுவோம்" என்றேன்.

"யார் ரீச்சர்?"

பெயர் வைத்த கதையும் அன்றுதான் வெளியே வந்தது. எழுதும்போது பதினெட்டு என்றே எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கோடை கடுமையான வெயில். தேன் இரண்டரை மணித்தியாலத்தில் புளித்தது. நான் ஜேர்மனியின் ஒரு ஆட்டமும் முழுதாகப் பார்க்கவில்லை; ஆரவாரம் கேட்டால் யாரோ கோல் போட்டுவிட்டார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். சூடு தாங்காமல் ரீச்சர் வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஈரச் சாக்கைப் பெட்டியின் மேல் போட்டுப் போட்டு அறையைக் குளிர வைத்தேன். இருபத்தாறாம் நாள் காலை, காதைப் பெட்டியில் வைத்தபோது உள்ளே மெல்லிய கீச்சுச் சத்தம். இந்த முறை பதிவேட்டுக்கு உண்மையாகவே ஓடினேன். மருந்து விரிப்பில் சறுக்கி விழுந்து, எழும்பி, முழங்கால் இரத்தத்தோடு எழுதினேன்.

குஞ்சுக்கு மூன்று கிழமை ஆவதற்கு முன் காலில் முழு வளையம் போட வேண்டும். பிந்தினால் கால் பருத்து வளையம் நுழையாது. வளையம் இல்லாத கிளி கடத்தல் கிளிக்குச் சமம். அதற்கு எந்தக் காலத்திலும் பத்திரம் கிடைக்காது. வளையம் போடும் நாளைக்கு, "உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இதில் அவருக்கும் பங்கிருக்கிறது" என்று ஃப்ராவ் ஹோல்மன் சொன்னார். மனோகரி அத்தனை வருடத்தில் பூங்காப் பக்கம் வந்ததில்லை. என் மழைக் கோட்டின் மணமே அவளுக்குப் போதும்.

அன்று நல்ல சீலை உடுத்து வந்தாள். குஞ்சை என் உள்ளங்கையில் எடுத்தேன். முன் விரல்கள் இரண்டையும் பின்னுக்குள்ள நீண்ட விரலையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, மற்றப் பின் விரலை ஒரு தீக்குச்சியால் மெல்ல வெளியே எடுத்து, வளையத்தை மேலே தள்ள வேண்டும். ஏறிவிட்டது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். மனோகரி எட்டிப் பார்த்தாள்.

"சீ! என்ன அவலட்சணம். கோழியை உரிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு."

"என்ன சொல்கிறார்?" என்று ஃப்ராவ் ஹோல்மன் கேட்டார்.

மொழிபெயர்த்தேன். உவேயின் முகம் விழுந்துவிட்டது. அவசரமாக விளக்கினேன்: ஒரு குழந்தையில் மிகுந்த ஆசை இருந்தால் எங்கள் பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள்; அழகென்று சொன்னால் கண் பட்டுவிடும், அதனால் அவலட்சணம் என்று சொல்லிக் காப்பாற்றுவார்கள்.

ஃப்ராவ் ஹோல்மன் மனோகரியை ஒரு நிமிடம் பார்த்தார். மனோகரியும் அவரைப் பார்த்தாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பிறகு ஃப்ராவ் ஹோல்மன் பென்சிலை எடுத்துப் பதிவேட்டில் எழுதினார்: "வளையம் போடப்பட்டது. எடை 94 கிராம். அவலட்சணம்."

அடுத்த நாளும் எழுதினார். "எடை 97 கிராம். இன்றும் அவலட்சணம்." இரண்டு கிழமைக்குள் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மிருக வைத்தியர் வந்து பார்த்து, "ஈரல் நல்லது, கண் நல்லது, முழு அவலட்சணம்" என்று கையெழுத்துப் போட்டார். இறகு முளைத்தது. முதுகில் சிவப்பு ஏறியது. ஏற ஏற அவர்கள் எழுதியது, "மேலும் அவலட்சணம்."

புரட்டாதியில் ஒரு காலை நான் தேன் கொண்டு போனபோது பெட்டியின் வாசலில் ஒரு தலை தெரிந்தது. சத்தம் போடாமல் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். ஃப்ராவ் ஹோல்மன், உவே, பழம் வெட்டுகிறவர் எல்லோரும் கம்பி வலைக்கு வெளியே வந்து நின்றோம். குஞ்சு வாசலில் ஏறி நின்றது, கீழே பார்த்தது, ரீச்சர் எதிர்க் கிளையிலிருந்து ஒரு தரம் கூப்பிட்டது. பாய்ந்தது. நேராகப் பறக்கத் தெரியாமல் வலையில் மோதி, எங்கள் முகத்துக்கு எதிரே தொங்கிக்கொண்டு நின்றது. காலைச் சூரியன் அதன் நெஞ்சில் விழுந்தது. அந்தச் சிவப்பையும் நீலத்தையும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஃப்ராவ் ஹோல்மன் பதிவேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஹெர் சிவா, இன்றைக்கு என்ன எழுதுவது?" என்று மெதுவாகக் கேட்டார்.

வழக்கமான சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வரவில்லை. "வடிவு" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஜேர்மனில் சொன்னேன். அவர் எழுதினார்.

அன்று வேலை முடிந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஆஹெனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆரணி பயந்துபோனாள். "என்னப்பா? அம்மாக்கு ஏதும் சுகமில்லையோ?"

"அம்மா சுகமாய் இருக்கிறா. சும்மாதான் எடுத்தனான். நீ நல்ல வடிவான பிள்ளை எண்டு சொல்லுவம் எண்டு."

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்பா, நீங்கள் இப்பிடிச் சொல்லுறது அம்மாக்குத் தெரியுமோ?"